குமுதா பெயரில் விழுந்த வரிகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் செமோரில் குமுதா வீட்டுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவேன். அவள் அப்பா சன்னாசிக்குப் பக்கவாதம். வலப்பக்கம் வேலை செய்யாது. அவரைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, சாப்பாடு ஊட்டுவது என் வேலை. லோரி ஓட்டிய கனத்த உடம்பு. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் குமுதா.

அவள் தொலைவில் ஷா ஆலாம் நகரில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்குக் கணினி நிரல் எழுதுகிறாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறாள். அந்த அனுமதி போனால் சன்னாசி முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியதுதான். கூடத்தில் அவள் மேசை, ஒட்டினாற்போல் அப்பாவின் கட்டில்.

நாற்பதைத் தாண்டிவிட்டாள். கோப்பியை ஆறிய பிறகுதான் குடிப்பாள். சூடாகக் குடிக்க நேரம் அமைவதில்லை. கல்யாணப் பேச்சு எடுப்பவர்களிடம், "அப்பாவையும் சேத்து வெச்சுக்குவாரான்னு கேட்டுச் சொல்லுங்க" என்பாள். பேச்சு அதோடு நிற்கும்.

அவள் குழுவில் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. வரியின் தொடக்கத்தில் எவ்வளவு இடம் விடுவது, அடைப்புக்குறியை அதே வரியில் போடுவதா, அடுத்த வரியிலா என்று. ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் வழக்கப்படி மாற்றி வைப்பார். மெத்தை விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது என்று ஆஸ்பத்திரி வார்டில் தாதியர் மல்லுக்கு நின்றதைப் பார்த்தவள் நான். அதனால் எனக்கு இது விளங்கியது. கடைசியில் ஃபார்மேட்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எழுதிச் சேமித்ததும் அதுவே இடைவெளிகளைச் சீராக்கிவிடும். தோற்றம்தான் மாறும், நிரல் செய்யும் வேலை மாறாது. சண்டை ஓய்ந்தது.

பழைய கோப்புகளையும் ஒருமுறை அதில் ஓட்டி எடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் அதே கோப்புகளில் வேலை செய்துகொண்டிருந்தால் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். அந்த அலுவலகத்தில் சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குச் சீனர்கள் லீவு எடுக்க, வேலையைத் தமிழர்கள் பார்த்துக்கொள்வார்கள். தீபாவளிக்கு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். குழுவில் பெரும்பாலோர் சீனர்கள் என்பதால் பெருநாளன்று எல்லாம் அமைதி. அன்றைக்குக் குமுதா ஓட்டினாள். நான் சன்னாசிக்குக் கஞ்சி ஊட்டி முடிப்பதற்குள் வேலை ஆகிவிட்டது.

ஆனால் நிரலின் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று பதிவு இருக்கும். அன்று முதல் எங்கே பார்த்தாலும் குமுதா பெயர்.

அவர்கள் நிரல், உடற்பயிற்சி சிகிச்சை மையங்களுக்கு வரும் நோயாளிகளுக்கு நாள் குறித்துத் தகவல் அனுப்புவது. கெடா மாநிலத்தில் வார ஓய்வு வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமையில் பொது விடுமுறை விழுந்தால் அங்கே ஞாயிறு மாற்று விடுமுறை. நிரலுக்கு அது தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோயாளிகளை வரச் சொல்லிவிட்டது. மையம் பூட்டிக் கிடந்தது. நடக்க முடியாதவரைக் காரில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுவது என்ன பாடு! கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது.

"எந்த மடையன் எழுதினான்?" என்றேன்.

"கண்டுபிடிச்சுச் சொல்றேன் ஆன்ட்டி, வந்து திட்டுங்க."

மறுநாள் காலை, நான் விரிப்பு மாற்ற, குமுதா அப்பாவை ஒருக்களித்துப் பிடித்திருந்தாள். போன் வந்தது. அவளுக்குக் கை ஒழிவில்லாததால் நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். புதிதாக வந்த மேலாளர் தர்மேந்திரன்.

"குமுதா, எங்க பாத்தாலும் உங்க பேர்தான் இருக்கு. இவ்வளவும் நீங்க எழுதினதா?"

"இல்ல போஸ். ஃபார்மேட்டர் ஓட்டினேன்லா. அதான் எல்லாம் என் பேர்ல விழுந்துருச்சு."

"எது கேட்டாலும் ஒரு காரணம் இருக்கு. அடுத்த மாசத்துலேர்ந்து ஆபீசுக்கு வந்துடுங்க. பக்கத்துல இருந்தா நானும் பாத்துக்கலாம்."

சுவரைப் பார்த்துக் கிடந்த சன்னாசி, குழறினாலும் கேட்கும்படியே கேட்டார். "எவன்டா அவன்? என்னைய வந்து தூக்கச் சொல்லு."

"யாரு அது?" என்றார் தர்மேந்திரன்.

"டிவி, போஸ்," என்றாள் குமுதா. "மத்தியானம் ஒரு வீடியோ கால் போடுங்க, நான் காட்டுறேன்."

ஃபார்மேட்டர் ஓடிய அந்த ஒரு வேலையைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்தால், பழையபடி எழுதியவர் பெயர்கள் தெரியுமாம். அன்றைக்கே செய்திருக்க வேண்டியது. அன்று மாலை சன்னாசிக்குக் காய்ச்சல் கண்டது, விட்டுப்போயிற்று. இப்போது உட்கார்ந்து செய்தாள். நான் சோற்றுத்தட்டோடு போனபோது திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரெல்லாம் வந்துருச்சா?"

"வந்துருச்சு. கெடா விஷயத்துக்கு மட்டும் என் பேர்தான், ஆன்ட்டி. நெசமாவே நான் எழுதினது. ஞாயித்துக்கெழம லீவு விழுந்தா திங்கக்கெழம. பேராக்குல அப்படித்தானே? கெடாவ நெனைக்கவே இல்ல."

"அப்ப உன்னையத்தான் திட்டணும்."

"நேத்தே திட்டிட்டீங்க."

"அவருகிட்ட காட்டப் போறியா?"

"காட்டலன்னா அத்தனையும் என் தலையில. காட்டினா இது ஒண்ணுதான்."

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். நாலு வாய் தின்றாள்.

மத்தியானம் திரையைத் தர்மேந்திரனுக்குக் காட்டினாள். வரிசையாக இருந்த குமுதா, குமுதா எல்லாம் மாறி வேறு வேறு பெயர்கள் வந்தன. கெடா விடுமுறை வரி வந்ததும் அவர் நிறுத்தச் சொன்னார்.

"சரி. இந்த வரி?"

"அது என்னுது, போஸ். திருத்திட்டேன். கிளந்தான், திரெங்கானுலயும் வெள்ளி ஓய்வுதான், அதையும் பாத்துட்டேன்."

குமுதா பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள்.

"இனிமே லீவு சம்பந்தமா எதைத் தொட்டாலும் நம்ம டீம்ல ரூபன் பாத்த பிறகுதான் போகணும். இப்போதைக்கு அங்கேர்ந்தே செய்யுங்க."

"சரி, போஸ்."

"அந்த டிவி எப்படி இருக்கு?"

"இருக்கு, போஸ்," என்றாள்.

இப்போதைக்கு என்றால் எதுவரைக்கும் என்று அவள் கேட்கவில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு மேசையில் தலையைச் சாய்த்தாள். அழவில்லை, அசதி. சற்று விட்டுவைத்தேன். ஆனால் சன்னாசியை ரொம்ப நேரம் ஒரே பக்கமாகக் கிடத்தக்கூடாது, முதுகு புண்ணாகும்.

"குமுதா, வா. நாற்காலிக்கு மாத்தணும்."

எழுந்து வந்து அப்பாவின் இடுப்புப் பட்டையைப் பிடித்தாள்.

"வேலை போச்சா?" என்று கேட்டார் சன்னாசி.

"போகலப்பா. காலை ஊணுங்க."