மகன் எனக்கு எழுதாத கடிதம்

போன வருஷம் புரட்டாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஸ்ரீரங்கத்தில் டவுன் பஸ் ஏறி, திருவானைக்காவலில் இறங்கி, ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போனேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு ஏழைப் பிள்ளையின் படிப்பை ஏற்றுக்கொள்ளும் இடம் அது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். லண்டனில் இருக்கும் என் ஒரே மகன் பச்சைமலைப் பெண் ஒருத்தியைப் படிக்க வைக்கிறான். ஒரு நடை போய்ப் பாரும்மா, ஏதாவது பலகாரம் செய்து கொண்டு போ என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். போனேன். வேண்டுமென்றே வெறுங்கையோடு போனேன்.

காரணத்தை மறைப்பானேன், பொறாமைதான். அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. படிக்க வைக்கிறவர் மாதம் ஒரு கடிதம் தன் கைப்பட எழுத வேண்டும். என் மகன் இரண்டு பக்கம் எழுதுவானாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி வச்சிடறேன். அவ்வளவுதான். வீடு வீடாக மாவு அரைத்துக் கொடுத்து அவனை இன்ஜினீயர் ஆக்கியவள் நான். கடிதம் எவளுக்கோ.

டீச்சர் அந்தப் பெண்ணைக் கூட்டி வந்தார். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இரட்டைச் சடை, துவைத்து மடிப்பெடுத்த யூனிபார்ம், அடக்கமான பேச்சு. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததே எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் ஒரு பைல் எடுத்து வந்தாள். அவ்வளவும் என் மகனுடைய கடிதங்கள். மேலே இருந்ததை என் கையில் கொடுத்து, "இது போன மாசம் வந்தது பாட்டி. படிச்சுப் பாருங்க" என்றாள்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு, கடை போர்டு எழுத்துக்கூட்டிப் படிப்பேன். கையால் எழுதியது எதுவும் எனக்குப் பிடிபடாது. இது யாருக்கும் தெரியாது, என் மகனுக்கும் தெரியாது. அவனுடைய மார்க் அட்டையைக்கூடப் படித்த மாதிரி பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அன்றைக்கும் அப்படியே செய்தேன். வரி வரியாகக் கண்ணை ஓட்டி, எங்கே சிரிக்கலாம் என்று நானே ஒரு இடம் பார்த்து, "குசும்பு இன்னும் போகலை அவனுக்கு" என்று சிரித்தேன்.

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது.

"பாட்டி, மாமாவுக்கு வயித்துல ஆபரேஷன் நடந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. நான் அழுதுட்டேன். நீங்க சிரிக்கிறீங்க?"

பழக்க தோஷத்தில், "கண்ணாடி எடுத்துட்டு வரலைம்மா" என்றேன்.

"போட்டுத்தான் இருக்கீங்க பாட்டி" என்றாள், டீச்சர் காதில் விழாமல்.

எழுபது வருஷமாகக் கட்டிக் காத்த கௌரவம். ஆனால் என் பிள்ளைக்கு என்ன ஆனது என்று அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. "எனக்குப் படிக்க வராது. நீ படி" என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறான் என்ற வரியை முதலில் தேடிப் படித்தாள். அந்தப் புத்திக்காகவே அவளைப் பிடித்துப்போனது. பிறகு ஆரம்பத்திலிருந்து படித்தாள். பரீட்சை பயமாக இருக்கிறது என்று இவள் எழுதியதற்குப் பதில் அது. "எனக்கும் ஆபரேஷனுக்கு முந்தின நாள் பயமாக இருந்தது. எங்கள் அம்மா எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியும் கேட்டதில்லை. அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? அதனால் உனக்கு எழுதுகிறேன்."

அவன் லண்டன் போன புதிதில் எனக்கும் இரண்டு கடிதம் போட்டான். அடுத்த வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதிலே போடாமல் இருந்துவிட்டேன். அம்மாவுக்குக் கடிதமெல்லாம் பிடிக்காது என்று நினைத்து அவன் நிறுத்தியிருக்கிறான். நிறுத்த வைத்தவள் நான். கோபத்தை மட்டும் இந்தப் பெண்மேல் வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில், "ஆபரேஷன் பண்ணிக்கிட்டியாமே" என்றேன். யார் சொன்னது என்று பதறினான். "நீ எழுதினதுதான். அந்தப் பொண்ணு படிச்சுக் காட்டினா. எனக்குக் கையெழுத்துப் படிக்க வராதுடா, எப்பவுமே வராது" என்றேன். அப்புறம், "ரொம்பப் பயந்துட்டேம்மா" என்றான். பத்து மாதக் குழந்தையாக அவனை மடியில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

இதை நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண்தான் எழுதுகிறாள். பொறாமை என்று வந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எழுது என்றேன். அது இன்னும் முழுதாகப் போகவில்லை. அவளுக்குத்தானே அவன் முதலில் சொன்னான், எனக்கு இரண்டாவதாகத்தானே. ஆனாலும் தெரியாது என்று நான் ஒரு தடவை வாய் திறந்து சொன்ன பிறகுதான் என் பிள்ளை என்னிடம் பயத்தைச் சொன்னான் என்பதை நினைத்தால், இத்தனை வருஷம் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்றே எனக்கு விளங்கவில்லை.