வலக்கரைக்காரி

நீலாம்பாளின் மடியில் மூன்று புத்தகங்கள் கிடந்தன. மூன்றும் தெளிவாக எழுதக் கற்றுக்கொடுப்பவை; ஆளுக்கொரு பக்கம் இழுத்தன.

அவளும் கணவர் கலியாணசுந்தரமும் நெய்துகொண்டிருந்த சேலை சென்னைக் கண்காட்சிக்குப் போகவிருந்தது. "நெய்தவங்களைப் பத்தி அட்டையில ரெண்டு வரி எழுதுங்கக்கா, நீங்கதான் படிச்சிக்கினே இருப்பீங்களே" என்றிருந்தார் பட்டுக்கடை ஆனந்தகுமார். அதற்குத்தான் நூலகத்திலிருந்து இத்தனையும்.

முதல் புத்தகம் வாக்கியத்தைக் குறுக்கச் சொன்னது. ஒரு வாக்கியத்துக்கு ஓர் ஆள் போதுமாம். இரண்டாவது, அலங்காரத்தை வெட்டச் சொன்னது. ஆசை ஆசையாய் எழுதிய 'தேன் சொட்டும் மாம்பழ மஞ்சள்' வெறும் மஞ்சளானது. நெஞ்சு வலித்தது, வெட்டினாள். மூன்றாவது, எதை யார் செய்தார் என்று படிப்பவர் தேடக் கூடாது என்றது. அந்தப் பக்கத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

எழுதி அனுப்பினாள்: "சேலையின் உடலைக் கலியாணசுந்தரம் நெய்தார். வலக்கரையைக் கோர்வை போட்டு அதோடு இணைத்தவர் அவர் மனைவி நீலாம்பாள்."

கைப்பேசிக்கு வந்த அட்டையில் இருந்தது: "கலியாணசுந்தரம் நெய்த சேலை."

"சுருக்கமா, தெளிவா இருக்குதேக்கா!" என்றார் ஆனந்தகுமார் போனில்.

"என்னைத் துடைச்சிட்டா தெளிவாயிடுமாப்பா?"

கலியாணசுந்தரம் சிரித்தார். "விடு நீலா. ஒரு ஆளு போதும்னு உன் புக்கே சொல்லுதே!"

"அப்ப தறிக்கும் ஒரு ஆளு போதும். நெய்யுங்க."

அவள் கண்கள் கலங்கின என்று எழுதினால் பொய். எரிந்தன. கல்யாணமான நாள் முதல் கரைப்பக்கம் குனிந்தே கிடந்த முதுகைச் சுவரில் சாய்த்து, புத்தகத்தை விரித்தாள்.

அவர் தறிக்குழியில் இறங்கி மஞ்சள் இழை சுற்றிய நாடாவை எறிந்தார். அது வலப்பக்கம் போய் நின்றது. சிவப்புக் கரை இழையோடு மஞ்சளைப் பிணைக்க அங்கே கை இல்லை. எழுந்தார், சுற்றி வந்தார், பிணைத்தார், மறுபடி குழியில் இறங்கினார். எறிந்தார். மறுபடி எழுந்தார். சட்டை நனைந்தது.

"இன்னா, மூச்சு வாங்குது?"

"ராட்சசிடி நீ!"

"அதையும் அட்டையில போடச் சொல்லுங்க."

கலியாணசுந்தரம் கைப்பேசியை எடுத்தார். "ஆனந்து, அவ எழுதினதை அப்படியே போடுபா. இல்லாட்டி சேலை தறியை விட்டு இறங்காது."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். "போட்டுடுவான். வா நீலா."

"வரட்டும், பார்க்கிறேன்."

தன் பெயரோடு புது அட்டை வந்து சேரும்வரை அவள் சுவரை விட்டு அசையவில்லை.