மாமா மடியில் முதல் கத்தி

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். எழுத வந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஐந்து வயது. புத்தூர் பக்கம் எங்கள் ஊர். பிறந்ததிலிருந்து என் தலையில் கத்தி பட்டதில்லை. முதல் முடி திருமலைக்கு என்பது அம்மாவின் வேண்டுதல். அதைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் எடுப்பது எங்கள் வழக்கம். ஆனால் மாமாவும் நைனாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) பேசிக்கொள்வதில்லை. ஒரு கிடா விருந்தில் மாமா கறி கேட்க, பரிமாறிய நைனா வெறும் எலும்பாகப் போட்டுவிட்டாராம். அதனால் இரண்டு வருஷமாக வேண்டுதல் நின்றுபோய், என் முடி மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. சடை இடுப்பைத் தொட்டதில் எனக்குப் பெருமைதான்.

அந்தக் கோடையில் காதுக்குப் பின்னால், முடிக்குள், வேனல் கட்டி ஒன்று வந்தது. சீழ் வைத்து, காய்ச்சல் ஏறி, கழுத்தைத் திருப்ப முடியாமல் போனதும் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். கட்டியைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. இன்றே கீற வேண்டும், விட்டால் விஷம் உள்ளே இறங்கிவிடும், முதலில் அந்த இடத்து முடியை மழிக்க வேண்டும் என்றார்.

அம்மா இரண்டு கையாலும் என் தலையை மூடிக்கொண்டார். "சாமி முடிம்மா இது. எங்க அண்ணன் மடியில வெச்சு எடுக்காம ஒரு முடிகூடத் தொடக்கூடாது."

"புள்ள முக்கியமா, முடி முக்கியமா?" என்று நர்ஸ் சீறினார். அம்மா அழுதார், கையை மட்டும் எடுக்கவில்லை.

டாக்டரம்மா தெலுங்குக்காரர். கழுத்தில் சின்னச் சிலுவை. அவர் திட்டவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, தெலுங்கும் தமிழுமாக விசாரித்தார். எடுத்த முடியைப் பிறகு மலையில் சேர்க்கலாமா? சேர்க்கலாம். மடி மலையில்தான் இருக்க வேண்டுமா? மடி எங்கே இருந்தாலும் மடிதான் என்றார் அம்மா. அண்ணன் எங்கே? இதே ஊரில், ஸ்டேஷன் பக்கம் டீக்கடை.

டாக்டரம்மா நைனாவிடம் திரும்பினார். "கூட்டிக்கினு ரண்டி, சீக்கிரம் வாங்க. ஒரு மணி நேரம் இங்கயே உக்காந்திருக்கேன். அதுக்கு மேல புள்ள தாங்காது."

நைனா துண்டைத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். அப்புறம் போனார்.

அங்கே போய் என்ன சொன்னாரோ, இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கிளாஸ் கழுவிய ஈரக் கையோடு, நைனாவுக்கு முன்னால் மாமா ஓடிவந்தார். என்னை மடியில் வாங்கிக்கொண்டு, "என்னா மாப்ள, இந்த வாட்டியாவது கறி உண்டா, இல்ல எலும்புதானா?" என்றார்.

"தலைக்கறியே போடறேன், மொதல்ல புள்ளைய கெட்டியா புடிச்சிக்க மச்சான்."

நர்ஸே சிரித்துவிட்டார்.

டாக்டரம்மா எழுந்து போய், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா மஞ்சள் துணியை ஏந்திப் பிடித்தார். கத்தி பட்டதும் மாமா "கோவிந்தா" என்றார்; வெளியே காத்திருந்தவர்களும் "கோவிந்தா" என்றார்கள். அந்தச் சத்தத்தில் அசையாமல் இருந்தேன். கட்டியைக் கீறியபோது மட்டும் மாமாவின் கையைக் கடித்துவிட்டேன்.

டாக்டரம்மாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரிய டாக்டருக்கு நல்ல செருப்புகூட இல்லை, வார் அறுந்துபோய்த்தான் வாசலிலேயே விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் எனக்குக் கட்டு மாற்றினார்கள். நைனாவும் மாமாவும் மஞ்சள் துணி முடிச்சோடு முதல் பஸ்ஸில் மலைக்குப் போனார்கள்.