சாயம் பார்க்கிற கண்

தேயிலைப் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருக்கும்போது எதிரே நிற்பவர் தும்மிவிட்டால், அமீர் அலி பாய் நூலை அப்படியே விட்டுவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய்விடுவார். "தும்முங்க, வேண்டாங்கல. ரோட்டப் பாத்துத் தும்முங்க" என்பார். மராட்டிக்காரர்களுக்கு இதையே இந்தியில் சொல்வார். சொன்ன கையோடு ஒரு சிரிப்பு. அதனால் கோபித்துக்கொண்டு போனவர்கள் குறைவு. போன ஒன்றிரண்டு பேரும் அடுத்த வாரம் அந்தத் தூளுக்காகவே திரும்பி வந்திருக்கிறார்கள்.

சொந்த ஊர் மேலப்பாளையம். பூனாவில் கோந்த்வா பக்கம் தேயிலைக் கடை போட்டு இருபது வருஷம். கண்ணாடித் தம்ளரில் டிக்காஷனை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, எந்த மலை, எந்தப் பருவத்து இலை என்று சொல்வார். சில சமயம் தப்பாகவும் சொல்வார், ஒத்துக்கொள்ள மாட்டார். சாயம் ஏற்றிய தூளோ என்று சந்தேகம் வந்தால் ஈரக் காகிதத்தில் ஒரு சிட்டிகை தூவுவார். உடனே சிவப்பு ஓடினால் மூட்டை வந்த வழியே திரும்பிவிடும். "கலரப் பாத்து வாங்குதவன் ஏமாளி" என்பது வாடிக்கையாளர்களுக்கு அவர் தரும் இலவசப் பாடம்.

2004 மழைக்காலத்தில் சளி பிடித்த மறுநாள் அவருக்குச் சிறுநீர் பால் விடாத டீயின் நிறத்தில் போனது. வலி ஒன்றுமில்லை. டாக்டர் விளக்கினார்: சளிக் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள் சிலருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டியில் போய்ப் படிந்துவிடும், அங்கே வீக்கம் கண்டு ரத்தம் கசியும். பாய் இதை எல்லோரிடமும் தம் பாணியில் சொல்வார். "சளியப் புடிக்க வந்த போலீசு, நம்ம வடிகட்டியில உக்காந்துக்கிட்டு லத்தியச் சுத்துதான்."

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை என்பது டாக்டர் உத்தரவு. இரண்டு தடவை செய்துகொண்டார். நிறம் தெளிந்ததும் நிறுத்திவிட்டார். காலையில் நிறத்தைத் தாமே பார்த்துக்கொண்டால் போதாதா, அந்தக் கண்ணை வைத்துத்தானே பிழைப்பே நடக்கிறது என்று மனைவி ஜொஹ்ராவிடம் வாதாடியிருக்கிறார்.

போன வருஷம் ஆகஸ்டில், பன்றிக் காய்ச்சலுக்குப் பயந்து பூனாவே மூக்கில் கைக்குட்டை கட்டித் திரிந்தபோது, இவருக்கும் காய்ச்சலும் இருமலும் வந்தன. அது சாதாரண சளிதான் என்று சொல்லிவிட்டார்கள். சிறுநீரும் வெளுப்பாகவே போனது. தப்பித்தோம் என்று பாய் சந்தோஷமாக இருந்தார். ஆனால் செருப்பு வாரின் தடம் அவர் பாதத்தில் சாயங்காலம் வரை மறையாமல் இருந்ததை ஜொஹ்ரா பார்த்துவிட்டார். "மர்ஜானா வாப்பா, காலை அமுக்குனா குழியா நிக்கி. எந்திரிங்க" என்று, மகள் பேரைச் சொல்லியே கணவரைக் கூப்பிடும் ஜொஹ்ரா, அவர் கடையில் தூள் வாங்கும் நான் வேலை செய்யும் லேபுக்குக் கையோடு அழைத்து வந்தார்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். படித்தது இந்தச் சோதனைகளைத்தான். குழாயில் சிறுநீர் தெளிவாக இருந்தது. குலுக்கியபோது எழுந்த நுரை மட்டும் அடங்கவேயில்லை. புரதம் ஏராளமாகப் போயிருந்தது. ரத்தத்தில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, இரண்டே காலில் நின்றது.

"நெறம் நல்லாத்தான தம்பி இருக்கு?" என்றார் பாய்.

"ஈரக் காகிதம் ஒண்ணு எடுத்தாரட்டுமா பாய்?"

ஜொஹ்ரா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தார், மறுபடி எடுத்தார்.

சிறுநீரகத்தில் கெட்டுப் போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பிரஷருக்கு மாத்திரை, உப்பில் பாதி, கேட்காமல் வலி மாத்திரை கூடாது. ஒவ்வொரு சளிக்கும் உடனே பரிசோதனை. சிறுநீரகத்தின் வேலை இன்னும் குறைந்தால் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு படுக்க வேண்டும், கடை நடக்காது.

போன வியாழக்கிழமை பாய்க்குத் தொண்டை கரகரத்திருக்கிறது. கடையில் நல்ல கூட்டம். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லி, ஆட்கள் நிற்க நிற்க ஷட்டரை இழுத்துவிட்டு லேபுக்கு நடந்து வந்துவிட்டார்.

கலர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நான் பாக்கல தம்பி. நீங்க பாருங்க."

ஊசியை நான் எடுக்கும் முன்பே சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, கையை நீட்டி, கண்களை இறுக மூடிக்கொண்டார்.