பின்சீட்டுப் பயிற்சி

“இன்னைக்கு உங்களுக்கு லீவுதானே பெரியப்பா?” என்று கேட்டேன். பேருந்தின் கடைசி வரிசையில், சன்னலோரமாக, முன் இருக்கையின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். அலுவலகம் விட்டு ஏறிய நான் கூட்டத்தில் நெளிந்து அவரருகே போய் நின்றிருந்தேன்.

“லீவுதான். அதனாலதான் பஸ்ல வந்திருக்கேன்.”

“எங்க போறீங்க?”

“எங்கயும் இல்லம்மா. கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, இதே வண்டியில வீட்டுக்கு.”

அவரே தொடர்ந்தார்.

“பழகிட்டிருக்கேன்.”

“எதுக்குப் பழகுறீங்க?”

“உக்காந்து வர்றதுக்கு.”

அப்போது வண்டி ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. பெரியப்பாவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. “கியரைக் கொறைக்காம திருப்புறான் பாரு,” என்று முணுமுணுத்தார். முன்னாலிருந்த ஓட்டுநர் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு, “அண்ணே, அங்க பிரேக் கிடையாதுண்ணே!” என்று கத்தினார். பாதிப் பேருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பெரியப்பா கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“நீ ரோட்டைப் பாருடா.”

என் பெரியப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். பணிமனையில் அவருக்குப் பெயர் ‘பிரேக் அண்ணன்’. தன் வண்டியில் அவர் பிரேக் போடுவது நின்றுகொண்டு வருபவர்களுக்குக்கூடத் தெரியாது. பிறர் வண்டியில் ஏறினால்தான் இப்படி இல்லாத பிரேக்கை மிதிப்பார். அத்தோடு விடாது. தலை சுற்றும், வாய் ஊறும், வயிறு புரளும். “நான் ஓட்டினா மேடு பள்ளம் எதுவும் ஒண்ணும் செய்யாது. இன்னொருத்தன் ஓட்ட நான் உக்காந்தா குடல் தொண்டைக்கு வந்துடுது,” என்பார். அவர் மகளின் கல்யாணத்தன்று, சம்பந்தி வீட்டார் மரியாதையாக அனுப்பிய காரில் ஏறி, பாதி வழியில் இறங்கி, பட்டுச் சட்டையோடு மண்டபத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தார்.

வீட்டுக்குள்ளும் அவர் ஓட்டுநர்தான். செருப்பை வாசலில் பின்பக்கமாக ஒதுக்கி, மூக்கு வெளியே பார்க்கும்படி நிறுத்துவார். கூடத்திலிருந்து சமையலறைக்குத் திரும்பும்போது வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை போகும். டீத் தம்ளரைச் சக்கரம் போல இரண்டு கைகளாலும் பிடித்துக் குடிப்பார். ஆனால் சாலையில் ஹார்ன் மட்டும் அடிக்க மாட்டார். குறுக்கே மாடு வந்தாலும் மனிதர் வந்தாலும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். ஹார்ன் அடிப்பது அவரைப் பொறுத்தவரை முன்னால் போகிறவரின் அப்பாவைத் திட்டுவதற்குச் சமம்.

அவரைப் பயணத் திட்டம் போட வைத்ததும் ஹார்ன்தான். பணிமனை ஓய்வறையில் ஒரு நடத்துநர் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டியிருக்கிறார். மலைச்சரிவில் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கும் வீடுகள். நடுவே ஒடுங்கிய சாலை. ஒரு பக்கம் கார்கள் வரிசையாக நிற்கின்றன. மறுபக்கம் இருசக்கர வண்டிகள் தனி வரிசை. யாரும் முந்தவில்லை, முறைக்கவில்லை.

“சத்தத்தை வச்சுக் காட்டுப்பா.”

“வச்சுத்தாண்ணே இருக்கு.”

பெரியப்பா கைப்பேசியைக் காதில் வைத்துப் பார்த்தாராம். பிறகு முதலிலிருந்து போடச் சொன்னாராம். ஊர் பெயர் ஐஸால், மாநிலம் மிசோரம். ஓய்வறையில் ஒருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. “இந்தியாவுலதான்டா. வடகிழக்கு மூலையில, பர்மாவை ஒட்டி,” என்று மறுநாள் பெரியப்பாவே விசாரித்துக்கொண்டு போய்ச் சொன்னார். “அங்க போயி ஒரு ஹார்ன் அடிச்சுட்டு வாங்கண்ணே, ஊரே எந்திரிச்சு நிக்கட்டும்,” என்று ஒருவர் சீண்டினார். பெரியப்பா அன்று மாலைவரை அந்த ஆளோடு பேசவில்லை.

பெரியம்மா திரைச்சீலைக் கடையில் துணி வெட்டும் வேலை பார்க்கிறார். எதற்கும் உடனே தலையாட்டுகிறவர் அல்ல. மிசோரம் என்றதும் ஆட்டிவிட்டார். ஹார்ன் அடிக்கிற ஊரா அடிக்காத ஊரா என்பதில் அவருக்கு அக்கறையில்லை. அவர் கணக்கு வேறு.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவரு ஓட்டுவாரு, நான் பின்னாடி உக்காந்திருப்பேன். இவரு பின்னந்தலையை எனக்குத் தெரிஞ்ச மாதிரி முகம் தெரியாது. ஏதாவது பேசலாம்னு வாயைத் தொறந்தா, ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்’னு மேல ஒரு போர்டு வேற.” என்னிடம் இதைச் சொல்லும்போது கத்திரிக்கோல் நிற்காமல் துணியில் போய்க்கொண்டிருந்தது. “ஒரே ஒரு தடவை பக்கத்துல உக்காந்து போகணும்டி. ‘அதோ பாருங்க’ன்னு நான் கை நீட்டணும். இவரு திரும்பிப் பாக்கணும். அவ்வளவுதான்.”

முதல் திட்டத்தைப் பெரியப்பா எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடி, தண்ணீர்ச் செம்பு, என் கண்ணாடிக்கூடு இவற்றை நகர்த்திக் காட்டி விளக்கினார். செம்பு, அடிவாரத்தில் இருக்கும் நகரம். அதுவரை விமானம். அங்கிருந்து மலைமேல் இருக்கும் உப்பு ஜாடிக்கு, பலரோடு சேர்ந்து போகும் ஜீப்; அது என் கண்ணாடிக்கூடு. ஐஸாலுக்குப் பக்கத்திலேயே விமான நிலையம் இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, “ரோட்டைப் பாக்காம ஊரைப் பாத்து என்ன பிரயோசனம்?” என்றார். உள்ளே நுழைய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும் என்பதெல்லாம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“சாயங்காலம் மேல போய்ச் சேர்றோம். ஒரு டீ குடிக்கிறோம். அடுத்த வண்டியைப் பிடிச்சுக் கீழ வந்துடுறோம்.”

பெரியம்மாதான் கேட்டார்.

“ஊரை எப்பப் பாக்குறது?”

“போகும்போது பாதி, வரும்போது பாதி.”

“அண்ணே,” என்றார் என் அப்பா, “இது உங்க டிப்போ டிரிப் இல்லண்ணே. டூர்.”

பெரியப்பாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓர் இடத்தைப் போய்ச் சேர்வது என்றால் அவருக்கு வண்டியைத் திருப்புவது என்றே பொருள். “போனா திரும்பணும்ல? நின்னுட்டே இருந்தா பின்னாடி வர்றவன் எங்க நிறுத்துவான்?” என்று கேட்டார். நாங்கள் சிரித்ததில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றே சில நாள் தங்குவதாகத் திட்டம் மாறியது. “தங்கி என்னதான் பண்றது?” என்று மட்டும் வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார். “ஒண்ணும் பண்ண வேணாம். அதுக்குத்தான் தங்குறது,” என்றார் பெரியம்மா.

அடுத்த வாரம் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது பெரியப்பா இன்னொரு சேதியோடு வந்தார். மலைப்பாதையில் வயிற்றைக் காப்பாற்ற ஒரு வழி கிடைத்துவிட்டது. பணிமனையில் ஒருவர் மூலமாக, ஜீப்பில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைச் சொல்லி வைத்துவிட்டார். “முன்னால உக்காந்தா ரோடு தெரியும். ரோடு தெரிஞ்சா எனக்கு ஒண்ணும் ஆகாது. உனக்கு நேர் பின்னாடி சீட்டு,” என்று பெரியம்மாவிடம் மலர்ந்த முகத்தோடு சொன்னார்.

பெரியம்மா துணியை மடித்துக்கொண்டே, “சரி. பழகின பின்னந்தலைதானே,” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெரியப்பா ஒரு டீயோடு மறந்திருப்பார். மறுபடி மறுபடி துணியின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்த கையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடைக்குப் போய் வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

அதற்கடுத்த விடுமுறை நாளில்தான் பயிற்சி தொடங்கியது. முதலில் ஓட்டுநருக்கு நேர் பின் இருக்கை. அங்கேயே முதல் நாள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி பாதியில் இறங்கினார். பிறகு ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் நகர்ந்தார். சக ஓட்டுநர்களுக்குக் கொண்டாட்டம். “அண்ணன் வண்டியில இருக்காரு, எல்லாரும் கெட்டியாப் பிடிச்சுக்குங்க!” என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் அறிவித்தார்கள். அவர் பதிலுக்கு அவர்கள் திருப்பும் விதத்தைப் பயணிகளிடம் சத்தமாக விமர்சித்தார்.

பெரியம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. நண்பரைப் பார்க்கப் போகிறேன், முடி வெட்டப் போகிறேன் என்றார். அந்தத் தலையில் அத்தனை தடவை வெட்ட முடியாது. பெரியம்மாவும் கேட்கவில்லை. ஆனால் விடுமுறை நாளில் அவர் கிளம்பும்போது, சட்டைப் பையில் மடித்த பிளாஸ்டிக் பை ஒன்றைச் செருகிவிடுவார். இருவரும் அதைக் கைக்குட்டை போலப் பாவித்துக்கொள்வார்கள்.

நான் அவரைக் கடைசி வரிசையில் பார்த்தது இந்தப் பயிற்சியின் பிற்பகுதியில். அதற்குப் பிறகு மருத்துவமனை மேட்டுக்கு வளைந்து வளைந்து ஏறும் வண்டியிலும் போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு மாலை எங்கள் வீட்டுப் படியேறி வந்து, முதல் வார்த்தையாக, “இன்னைக்கு மேட்டுல தூங்கிட்டேன்மா,” என்றார். “கண்டக்டர் வந்து எழுப்பினான். பிளாஸ்டிக் பை மடிப்புகூடக் கலையல.” பள்ளியில் பரிசு வாங்கிய குழந்தையின் முகம் அது.

போன வாரம் கைப்பேசியை நீட்டியபடி வந்தார். வழக்கமாகக் கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி பேசுகிறவர், என்னைப் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“நீ ரெண்டு பாஷை படிச்சவ. அந்த ஜீப் ஓட்டுறவருக்கு நம்ம பேச்சு புரியாது. இங்கிலீஷ்ல சொல்லு. அந்த முன் சீட்டை வேற யாருக்காவது குடுத்துடட்டும். எங்களுக்குப் பின்னாடி ரெண்டு சீட்டு போதும். ஒட்டினாப்புல.”

“பெரியம்மாவுக்குத் தெரியுமா?”

“வண்டி ஏறும்போது தெரிஞ்சுக்கட்டும்.”

எண்ணை அழுத்தினேன். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதும் பெரியப்பா சட்டென்று கைப்பேசியைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“ஒண்ணும்மா. நான் டிரைவர்னு மட்டும் சொல்லிடாதே.”

“ஏன் பெரியப்பா?”

“சொன்னா விட மாட்டாரு. எந்த ஊரா இருந்தாலும் டிரைவரைக் கண்டா டிரைவர் முன்னாலதான் கூப்பிட்டு உக்கார வைப்பான். அது மரியாதை. மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது.”

“என்ன வேலை பாக்குறீங்கன்னு அவரு கேட்டா?”

பெரியப்பா தெருவைப் பார்த்து யோசித்தார். மறுமுனையில் யாரோ எடுத்து, யார் என்று கேட்கும் குரல் அவர் விரலிடுக்கில் கசிந்தது. அவர் கையை எடுத்து, கைப்பேசியை என் காதோடு சேர்த்து வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“உங்க பெரியம்மா கூட வர்றவருன்னு சொல்லு.”