வெள்ளைக் குதிரையின் கண்கள்

ஆயுத பூஜையன்று குழைத்த சந்தனத்தின் வாசனை வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றும் அப்பா கிண்ணத்தோடு கிளம்பிவிட்டார்.

எண்பதுகளின் கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் சேர்த்துவந்த சின்னப் பிளாஸ்டிக் குதிரைகள் குவார்ட்டர்ஸ் கேண்டீன் கடையில் மட்டும்தான் கிடைக்கும், மாதத்துக்கு ஒரு நிறம். ஜன்னலோரம் நான்கு சேர்த்திருந்தேன். அடுத்தது வெள்ளை என்று தெரிந்ததிலிருந்து, தினமும் பள்ளி விட்டதும் போய், "வந்துடுச்சா அங்கிள்?" என்று கேட்டுக் கேண்டீன்காரரின் உயிரை வாங்கினேன்.

பூஜைக்கு முந்தின நாள் வெள்ளைக் குதிரை வந்தது, வாங்கிவிட்டேன். மறுநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள், சைக்கிள், ஸ்பானர், தையல் மிஷின் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்த அப்பா, அதன் நெற்றியிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டார்.

"குதிரையும் வாகனந்தானே கண்ணு, இதுக்குப் போய் இன்னாத்துக்கு அயுவுற?"

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். குங்குமக் கறை அப்படியே இருந்தது. பெயின்ட்டில் வரைந்திருந்த கண்கள் இரண்டும் போய்விட்டன. அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது என் கண்ணாடி அலமாரியில் முப்பது குதிரைகள். ஒரே ஒரு கடையில் மட்டும் வெளியிட்ட வெள்ளைக் குதிரையை, மாதக்கணக்கில் காத்திருந்து போன வாரம்தான் வாங்கினேன். அதனால் காலையிலேயே அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்பா அதன் முன்னால் வந்து நின்றார். வெள்ளைக் குதிரைக்கு நேராக, கண்ணாடியின் மேல் ஒரு பொட்டு வைத்தார்.

"கண்ணாடிதாம்மா. தொடச்சா பூடும்," என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துடைத்தேன்.