மூன்றில் ஒரு பங்கு முற்றம்

2006இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அடுக்குமாடி வீடு ஒன்று வாங்கினோம். கட்டடத்தில் மொத்தமே மூன்று வீடுகள், தளத்துக்கு ஒன்று. நடுத்தளம் எங்களுடையது. கீழ்வீட்டுக்காரர் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்தவர், சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடிவந்த மூன்றாம் மாதமே முற்றத்தைச் சுற்றி மூங்கில் வேலி போட்டுக் கத்திரி நட்டுவிட்டார். என் ஸ்கூட்டர் தெருவுக்குப் போனது.

கேட்டேன். "என் வாசலுக்கு முன்னாடி இருக்குற எடம் என்னுதுதான சார்? உங்க வாசலுக்கு முன்னாடி இருக்குறத நீங்க வெச்சிக்கங்க" என்றார். என் வாசலுக்கு முன்னால் இருந்தது மாடிப்படி.

துணி காயப்போட என் மனைவி வாளியோடு மொட்டைமாடிக்கு ஏறினாள். கதவில் பூட்டு. மேல்வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, "எங்க தலைக்கு மேல இருக்குறது எங்களுதும்மா" என்றார். ஈரத்துணியோடு திரும்பி வந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பத்திரத்தில் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

அவளுடைய தம்பி சிதம்பரத்தில் பத்திர எழுத்தர். ஞாயிற்றுக்கிழமை பத்திரத்தோடு பஸ் ஏறினேன். அவன் வரிவரியாக விரல் வைத்துப் படித்தான்.

"மாமா, மனையில மூணுல ஒரு பங்கு உங்களுது. பிரிபடாத பாகம்னு போட்டிருக்கு பாருங்க."

"சரி மச்சான், அது எந்தப் பக்கம்? கேட்டு பக்கமா, மோட்டார் பக்கமா?"

"தனியா ஒரு பக்கம்னு கெடையாது. முற்றம், படி, மொட்டமாடி எல்லாம் மூணு பேருக்கும் பொது. யாரும் வளைச்சுப் போட முடியாது."

"அப்ப ஸ்கூட்டர நிறுத்தலாமா?"

"நிறுத்துங்க. ஆனா அந்த எடம் என்னுதுன்னு சொல்லாதீங்க."

சொத்து கூடியதா குறைந்ததா என்று திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கீழ்வீட்டில் கொடுத்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் பீரோவிலிருந்து தன் பத்திரத்தை எடுத்து வந்து ஒப்பிட்டுப் பார்த்தார். அதே வரி.

பிறகு கேட்டார்: "அப்ப மொட்டமாடியில எனக்கும் பாத்தியம் இருக்கா?"

"இருக்கு சார்."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முழங்கால் வலிக்காரர். எங்கள் வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மேலே ஏறினார். பின்னாலேயே நானும் போனேன்.

டீச்சர் ஜெராக்ஸை வாங்கிச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டுப் படித்தார். முகம் வாடிவிட்டது. சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். திறந்த கையோடு கீழ்வீட்டுக்காரரைப் பார்த்து, "அப்ப கத்திரிக்காயில எனக்கும் பங்கு இருக்குல்ல?" என்றார்.

மறுநாள் காலையில் வேலி இல்லை. மூன்று தட்டுகளில் கத்திரிக்காய் பிரிந்தது. என் தட்டில் பாதி சொத்தை. நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஸ்கூட்டர் உள்ளே வந்துவிட்டதே.

அன்றிலிருந்து கீழ்வீட்டுக்காரர் தினமும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் ஒரு மணி நேரம் பேப்பர் படித்தார். "கால் வலியோட ஏன் சார்?" என்றால், "பாத்தியம்னு எழுதியிருக்குறப்ப போவாம இருந்தா எப்படி?" என்பார். ஏறும்போது எங்கள் வாசலில் நாற்காலியைப் போட்டு இளைப்பாறுவார். உட்கார்ந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் இருக்க முடியுமா?

"அந்தப் பத்திரத்துல காப்பியப் பத்தி ஏதாவது போட்டிருக்கான்னு என் தம்பிகிட்ட கேளுங்க" என்றாள் மனைவி.

2011இல் எனக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வரும்வரை கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம்.